சும்மா விட்டால் பிழைக்கும் செடி

டெய்லரக்காவின் அண்ணன் தன் வாழ்நாளில் எந்த வேலையையும் கெடுத்தவர் இல்லை. செய்தால்தானே கெடுப்பதற்கு. ஒரு கிடங்கு அலுவலகத்தில் வருஷக்கணக்காக உத்தியோகம் பார்த்தார். பார்த்தார் என்பதுதான் பொருத்தமான சொல். மற்றவர்கள் செய்தார்கள், இவர் பார்த்தார். கடைசியில் முதுகுவலி என்று டாக்டர் சீட்டைக் காட்டி, வயசுக்கு முன்னாலேயே ஓய்வு வாங்கிக்கொண்டார். எதிலிருந்து ஓய்வு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறி மறுபடியும் வந்து உட்கார்ந்துவிடுவாரோ என்ற பயம்தான்.

அம்மா உயிரோடு இருந்தவரை அவரைத் துரை என்றுதான் கூப்பிடுவாள். ஆசையாகத்தான். "துரை தூங்குது, மெதுவாப் பேசு." "துரைக்கு ஆறிப்போனா பிடிக்காது, சூடு பண்ணிக் குடு." அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது தங்கை குடியிருக்கும் கட்டடத்திலும் அவரை அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் ஆசையாக இல்லை. "உங்க வீட்டுத் துரை எழுந்தாச்சா?" என்று கீழ்வீட்டுக்காரி மாடிப்படியில் நிறுத்திக் கேட்கும்போது டெய்லரக்காவுக்கு உடம்பெல்லாம் கூசும்.

துரையை முழுசாகப் புரிந்துகொள்ள ஒரு பஸ் பயணம் போதும். சின்ன வயசில் பஸ் ஏறினால் ஜன்னலோரம் அவருக்கு. தங்கைக்குப் பஸ் ஆகாது, வண்டி கிளம்பினாலே குமட்டும், காற்று வேண்டியது அவளுக்குத்தான். "அண்ணனுக்கு விட்டுக் குடு பாப்பா. அவன் வேடிக்கை பாத்துட்டு வரட்டும்" என்பாள் அம்மா. பஸ் தெருமுனை தாண்டுவதற்குள் துரை கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுவார். அத்தனை வருஷத்தில் அந்த ஜன்னல் வழியாக ஒரு மரத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. பாப்பா இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பாப்பாவுக்கு இப்போது தலையில் பாதி நரைத்துவிட்டது. அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா. மற்ற எல்லோருக்கும் டெய்லரக்கா. மூன்றாவது மாடி வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிறாள். புருஷன் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை, லோடு இல்லாத மாதத்தில் வருமானமும் இருப்பதில்லை. அதனால் வீடு ஓடுவது மிஷின் ஓடுவதைப் பொறுத்தது. மிஷின் ஓடுவது ஜன்னலைப் பொறுத்தது. அந்த வீட்டில் மற்ற ஜன்னல்களெல்லாம் பெயருக்குத்தான் ஜன்னல். திறந்தால் கை நீட்டித் தொடும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். முன்னறை ஜன்னல் மட்டும் ஒரு பள்ளிக்கூட மைதானத்தைப் பார்த்தது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதில் வெளிச்சம் இருக்கும். வீடு பார்க்க வந்த அன்றைக்கு அவள் சமையலறையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, இதுதான் வீடு என்று சொல்லிவிட்டாள்.

துரை இந்த வீட்டுக்கு வந்த கதை சின்னது. அண்ணி ஒரு நாள் போன் செய்து, "வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறோம், அந்த வாசனை உங்க அண்ணனுக்கு ஒத்துக்காது, காயற வரைக்கும் அங்க இருக்கட்டும்" என்றாள். வந்தார். அந்தப் பெயிண்ட் இன்றுவரை காயவில்லை. அண்ணிக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக வீடு நன்றாக இருக்கிறதாம். கீழ்வீட்டுக்காரி எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள்.

வந்த புதிதில் துரை மௌத் ஆர்கன் வாசித்தார். அது சலித்ததும் மீன் வளர்த்தார். மீன்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. இப்போது அந்தத் தொட்டியில் வெங்காயம் இருக்கிறது. அப்புறம் ஒரு செல்போன் கடைத் திறப்பு விழாவுக்குப் போனவர், வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்த ஒரு குட்டிச் செடியை வாங்கிக்கொண்டு வந்தார். தடித்த இலை, பச்சை ரோஜாப் பூ விரிந்த மாதிரி அடுக்கு, உள்ளங்கையில் அடங்கும் தொட்டி. வாங்கி வந்ததோடு சரி. திரைச்சீலைக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்தே போனார். மாதக்கணக்கில் அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒரு நாள் திரைச்சீலையைத் துவைக்க எடுத்தபோது பார்த்தால், செடி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ரெண்டு குட்டிகள் வேறு.

அதைப் பார்த்த துரை என்ன நினைத்திருக்க வேண்டும்? நல்லவேளை, நான் தொடாமல் விட்டேன், பிழைத்தது என்றுதானே. அதுதான் இல்லை. தன் கையில் ஏதோ ராசி இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். "இந்தச் சக்குலன்ட் செடி எல்லாருக்கும் வராது பாப்பா. அதுக்குன்னு ஒரு கை வேணும்" என்றார்.

"கள்ளிச்செடிதானே மச்சான்" என்றார் லாரிக்காரர்.

"கள்ளி இல்ல மாப்பிள்ளை. கள்ளி வேற, சக்குலன்ட் வேற. கள்ளி எல்லாம் சக்குலன்ட், ஆனா சக்குலன்ட் எல்லாம் கள்ளி இல்ல."

லாரிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அவர் எப்போதுமே அப்படித்தான். ஹைவேயில் எதிரே எவன் வந்தாலும் ஒதுங்கி வழிவிட்டுவிடுவார். வீட்டிலும் அதே பழக்கம்.

செடிகள் பெருகின. நர்சரியிலிருந்து ஒன்று, பார்சலில் ஒன்று, யாரோ ஒருத்தர் வீட்டுப் பால்கனியிலிருந்து கேட்காமல் கிள்ளியது ஒன்று. இதற்கெல்லாம் வெளிச்சம் வேண்டுமே. வெளிச்சம் அந்த வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. "ரெண்டு நாள்தான் பாப்பா, ஸ்டாண்ட் வாங்கினதும் மாத்திடறேன்" என்று சொல்லி, துரையும் லாரிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மிஷினைத் தூக்கி, பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் இருட்டு மூலையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இரும்புக்கால் மிஷின், ஒற்றை ஆளால் அசைக்கவும் முடியாது. துரை ஒரு ஓரம் தூக்கியதற்கே ஒரு வாரம் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தார். துணி வெட்டும் மேஜை ஜன்னலடிக்குப் போயிற்று. அதன்மேல் சக்குலன்ட்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டு வெயில் காய்ந்தன.

ஸ்டாண்ட் வரவில்லை. அவள் முதல் தடவை கேட்டபோது, "ஆர்டர் போட்டிருக்கேன் பாப்பா" என்றார். இரண்டாம் தடவை கேட்டபோது, "செடிய அடிக்கடி இடம் மாத்தினா ஷாக் ஆயிடும், நீ கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார். செடிக்கு ஷாக் ஆகக்கூடாது. தங்கைக்கு ஆகலாம்.

இதற்கிடையில் துரை வாத்தியாராகவும் ஆகிவிட்டார். போனை ஒரு டம்ளரில் சாய்த்துவைத்து, புதுசாக ஆரம்பிக்கிறவர்களுக்கு வீட்டுக்குள் சக்குலன்ட் வளர்ப்பது எப்படி என்று வீடியோ போட்டார். அவள் கைத்தையலுக்கு வைத்திருந்த மேஜைவிளக்கும் வீடியோவுக்குப் போய்விட்டது. "வணக்கம் நண்பர்களே. இது சோம்பேறிகளுக்கான செடி" என்று ஆரம்பிப்பார். அந்த ஒரு விஷயத்தில் அவர் அனுபவசாலிதான், மறுப்பதற்கில்லை. "இதுக்கு நாம செய்ய வேண்டியது என்ன? ஒண்ணுமே இல்ல. மண்ணு எலும்பு மாதிரி காயணும். காஞ்ச பிறகும் சந்தேகமா இருந்தா இன்னும் காயப்போடுங்க. சும்மா விட்டாத்தான் பொழைக்கும்."

சொன்னதெல்லாம் சரி. எங்கேயோ கேட்டதை ஒரு எழுத்து பிசகாமல் சொல்வார், வாய் விஷயத்தில் துரையை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வீடியோவைத்தான் ஜனங்கள் விரும்பிப் பார்த்தார்கள். இலைமேல் சொட்டு உருண்டு ஓடுவது கண்ணுக்கு அழகாக இருக்கிறதல்லவா. அதனால் துரை தினமும் வீடியோ எடுத்தார், தினமும் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, ஊற்றக்கூடாது என்றார். வாழ்நாளெல்லாம் சும்மா இருந்தே பழகிய மனுஷன். சும்மா இருப்பது ஒன்றுதான் வேலை என்று ஒரு வேலை வாய்த்தபோது, அதையும் அவருக்குச் செய்யத் தெரியவில்லை.

போதாக்குறைக்கு, செடிகளை வீட்டு டீக்கோப்பைகளில் மாற்றி நட்டார். படத்தில் எடுப்பாகத் தெரியுமாம். கோப்பைக்கு அடியில் ஓட்டை ஏது? ஊற்றிய தண்ணீர் அங்கேயே நின்றது. டெய்லரக்காவுக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், கல்யாணத்துக்கு வந்த நீலப் பூப்போட்ட கோப்பைகளில் மண் இருக்கிறது, தானும் புருஷனும் எவர்சில்வர் டம்ளரில் டீ குடிக்கிறோம் என்பதுதான்.

இருட்டு மூலையில் டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். யூனிஃபார்ம் கடைக்காரர் ஒருவர் அவளுக்கு வருஷம் முழுக்க வேலை கொடுப்பார். காவல்காரர்களின் கருநீலச் சட்டைகள். மூட்டை மூட்டையாக வரும், காலர், பாக்கெட், தோள்பட்டி எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அந்த மாசம் தைத்து அனுப்பிய மூட்டையைக் கடைக்காரர் தானே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். மனுஷர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஒரு சட்டையை எடுத்து, செடிகளுக்கு மேலே, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

கருநீலச் சட்டையில் பாக்கெட்டைச் சுற்றிக் கறுப்பு நூல் ஓடியிருந்தது. ஒரு பாக்கெட் நீல நூல், இன்னொன்று கறுப்பு. அடுத்த சட்டையில் காலர் கறுப்பு.

டெய்லரக்காவுக்கு முகம் செத்துவிட்டது. இருட்டில் நூல்கண்டை மாற்றிப் போட்டிருக்கிறாள். புதுசாக மிஷின் பழகுகிற பெண்கூடச் செய்யாத தப்பு. அந்த மூலையில் ரெண்டு நூலும் ஒன்றாகத்தான் தெரிந்தன, சட்டையும் அப்படித்தான் தெரிந்தது.

"என்னம்மா, கண்ணு ஏதாவது தொந்தரவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லீங்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"திங்கக்கிழமை காலைல அவங்க இதப் போட்டுக்கிட்டு டியூட்டிக்குப் போகணும். பிரிச்சுத் தைச்சுக் குடுத்துட்டீங்கன்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல. இல்லேன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா நெனைக்காதீங்க, எனக்கும் வேற வழியில்ல."

துரை அப்போது கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் போனபிறகு தலையைத் தூக்கி, "அந்தாளு சட்டைய ஆட்டினதுல ஒரு எலை உதிர்ந்துடுச்சு பாரு" என்றார்.

பிரிப்பதைக்கூட மொட்டைமாடியில் போய் உட்கார்ந்து பிரித்துவிடலாம். சனிக்கிழமை முழுக்க அதைத்தான் செய்தாள். ஆனால் மறுபடி தைப்பது பழைய ஊசித் துளையிலேயே ஓட வேண்டும். ஒரு நூல் தள்ளிப் போனாலும் பழைய துளைகள் துணியில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அதற்கு மிஷின் வேண்டும், மிஷினுக்கு ஜன்னல் வேண்டும். மிஷினைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போக முடியுமா?

மூன்றாம் தடவை கேட்டாள். சனிக்கிழமை சாயங்காலம், மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்த கையோடு கேட்டாள். "அண்ணா, நாளைக்கு ஒரு நாள் எனக்கு அந்த ஜன்னல் வேணும். இந்த ஆர்டர் போச்சுன்னா எங்களுக்கு வேற வழி இல்ல."

"நாளைக்கா?" துரை உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்படுவதில் அவர் குறை வைப்பதில்லை, அதற்குக் காசா பணமா. "நாளைக்குத்தான் பாப்பா கிளாஸ் வெச்சிருக்கேன். நேர்ல கத்துக்கணும்னு வராங்க. வர்றவங்க செடிய எங்க பாப்பாங்க, சொல்லு. திங்கக்கிழமை எடுத்துக்கோயேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். லாரிக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "உன் அண்ணன். நீயே பேசிக்கோ. நான் நடுவுல வந்தா நல்லா இருக்காது" என்றார். லோடு ஏற்றப் போக வேண்டும் என்று கிளம்பியும் போய்விட்டார்.

அப்போது அவளுக்கு அண்ணன்மேல் வந்ததைவிடத் தன்மேல் வந்த வெறுப்புதான் அதிகம். இத்தனை வயசுக்குமேலும் அந்தப் பஸ்ஸில்தான் உட்கார்ந்திருக்கிறோம், கையில் பையைப் பிடித்துக்கொண்டு, என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் வந்தார்கள். பகல் ஷிப்டு இல்லாத ஒரு நர்ஸ், புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மேல்மாடியில் குடியிருக்கும் பேங்க்காரர். நர்ஸ் தன் செடியை ஒரு ஷூ டப்பாவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இலையெல்லாம் மஞ்சளாகி, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. டெய்லரக்கா மூலையில் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு சட்டையை முகத்துக்கு நேரே பிடித்து, ஊசித் துளையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

துரை சலவைச் சட்டை போட்டிருந்தார். நர்ஸின் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "தண்ணி ஊத்தியே கொன்னுட்டீங்க. பாசம். எல்லாம் பாசத்துல செய்யறதுதான். ஆனா இந்தச் செடிக்குப் பாசம் ஆகாது."

"நான் வாரத்துக்கு ஒரு தடவதான் சார் ஊத்தினேன்" என்றாள் நர்ஸ், குற்றவாளி மாதிரி.

"வாரத்துக்கு ஒரு தடவயா? அடேயப்பா." துரை பேங்க்காரரைப் பார்த்துச் சிரித்தார். பேங்க்காரரும் மரியாதைக்குச் சிரித்தார்.

புதுப்பெண் ஜன்னலைத் தாண்டிச் சுவரோரம் இருந்த கடைசிக் கோப்பையைக் காட்டி, அது ஏன் இப்படி ஒருபக்கமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு சாய்ந்திருக்கிறது என்று கேட்டாள்.

"நல்ல கேள்வி. வெளிச்சம் பத்தலேன்னா செடி அப்படித்தான் பண்ணும். வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் சாயும். நீளும். பாக்கறவன் வளருதுன்னு நெனைப்பான். வளரல, தவிக்குது. அதத் திருப்பி வெளிச்சத்துல வெக்கணும். அதுதான் வளக்கறவனோட கடமை."

நர்ஸ் திரும்பி மூலையைப் பார்த்தாள். டெய்லரக்கா ஸ்டூலின் நுனிக்கு வந்து, இடுப்பை வளைத்து, சட்டையோடு சேர்ந்து ஜன்னல் பக்கமாகச் சாய்ந்திருந்தாள். "அக்கா, நீங்களும் அப்படித்தான் சாஞ்சிருக்கீங்க" என்றாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக்கூடாதோ என்று நினைத்தவள்போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

துரை காதில் வாங்காத மாதிரி அடுத்த விஷயத்துக்குப் போனார். நடுவில் பெரிய நீலப்பூக் கோப்பையில் இருந்தது அவருடைய பெருமைக்குரிய செடி. செல்போன் கடையில் கிடைத்த அதே செடி, மகாராணி என்று பெயர் வைத்திருந்தார். எல்லா வீடியோவிலும் முதலில் அதற்குத்தான் குளியல். "சரியா வளத்தா வேர் எப்படிப் பிடிச்சிருக்கும்னு காட்டறேன். தூக்கினா கோப்பையோட சேந்து வரும்" என்று சொல்லி, மகாராணியின் தலையைப் பிடித்துத் தூக்கினார்.

தலை மட்டும் வந்தது.

கோப்பை மேஜையிலேயே இருந்தது. அதன் நடுவில் கறுப்பாக ஒரு குழி, அழுகின தண்ணீர் வாடை. துரையின் கையில் இருந்த ரோஜா அடுக்கின் அடியில் தண்டு மாவாகிச் சொட்டிக்கொண்டிருந்தது. துரை அவசரமாக அடுத்த கோப்பையில் கைவைத்தார். அதுவும் தலையோடு வந்தது. மூன்றாவதையும் ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, நல்லபிள்ளையாகக் கையை எடுத்துக்கொண்டார்.

வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்று பார்த்திருப்பான். துரை தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாத்தீங்களா. அடுத்த பாடம் இதுதான். தலைவெட்டு. அடி கெட்டுப்போனா பயப்படக்கூடாது. கெட்ட தண்ட நறுக்கி எறிஞ்சுடணும். உள்ள பச்சையா, சுத்தமாத் தெரியற வரைக்கும் வெட்டணும். அந்தத் தலையிலேர்ந்து புது வேர் வரும்." நர்ஸ் அவசரமாகப் போனை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். பேங்க்காரர், "ஓ, வேணும்னேதான் பண்ணினீங்களா" என்றார். துரை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. லேசாகத் தலையை ஆட்டினார்.

அந்த வெட்கங்கெட்டதனத்தைப் பார்த்து டெய்லரக்கா கையிலிருந்த சட்டையை மடியில் போட்டுவிட்டாள். இந்த மனுஷனை என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது, எங்கே விழுந்தாலும் மெத்தையில்தான் விழுவார் என்று தோன்றியது. அம்மா விரித்த மெத்தை, அண்ணி விரித்த மெத்தை, இப்போது இவள் விரித்தது.

"வெட்டறதுக்குக் கூர்மையா ஒண்ணு வேணும்" என்று சொல்லிக்கொண்டே துரை மூலைக்கு வந்தார். மிஷின்மேல் இருந்த பெரிய கத்தரிக்கோலை நோக்கிக் கையை நீட்டினார்.

அது துணிக் கத்தரி. காகிதம் வெட்டினாலே முனை மழுங்கிவிடும் என்று அதைப் புருஷன் கையில்கூடக் கொடுக்க மாட்டாள். அவள் கை தானாகப் போய்க் கத்தரிமேல் விழுந்தது.

"அத எடுக்காதே."

"ஒரு நிமிஷம் பாப்பா. ஒரே ஒரு வெட்டு."

"அது துணிக்கு." அவள் எழுந்து உள்ளே போய், காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மறுபடி மூலைக்குப் போகவில்லை. மற்றவர்களோடு நின்றுகொண்டாள்.

துரை தலைகளை நறுக்கினார். கடைசியில் எல்லாச் செடிக்கும் அடி ஊறிப்போயிருந்தது தெரிந்தது. நறுக்கிய தலைகள் ஒரு தட்டு நிறைந்தன.

"வெட்டினதும் மண்ணுல வெச்சுடலாமா சார்?" என்று கேட்டான் புது மாப்பிள்ளை.

"கூடவே கூடாது. அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. வெட்டின எடம் காயணும். வெயில் படக்கூடாது. நிழல்ல, காத்தோட்டமா ஒரு எடத்துல வெச்சுட்டு மறந்துடணும். தொடக்கூடாது, தண்ணி காட்டக்கூடாது."

"அப்போ இதுக்கு ஜன்னல் வேண்டாம்" என்றாள் டெய்லரக்கா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

"வெயில் ஆகாதுன்னு நீதானே சொன்னே அண்ணா. இங்க இருந்தா கெட்டுப்போயிடும். அந்த மூலைல நல்ல நிழல். எனக்கு நல்லாத் தெரியும், இத்தன நாள் அங்கதான் உக்காந்திருந்தேன்." பிறகு பேங்க்காரரைப் பார்த்து, "சார், கொஞ்சம் ஒரு கை பிடிக்கறீங்களா? மிஷின் கனமா இருக்கும். தம்பி, நீங்க அந்தப் பக்கம் பிடிச்சுக்கோங்க" என்றாள்.

துரை எப்படி மறுப்பார்? நாலு பேர் எதிரே, நர்ஸின் போனில் அவர் குரலிலேயே எல்லாம் இருந்தது. பேங்க்காரரும் மாப்பிள்ளையும் மிஷினைத் தூக்கினார்கள். நர்ஸும் புதுப்பெண்ணும் கோப்பைகளை எடுத்து, அழுகின மண்ணை ஒரு பழைய வாளியில் கொட்டி, மேஜையைத் துடைத்தார்கள். சொல்ல வேண்டியதே இருக்கவில்லை. துரை மட்டும் தலைகள் இருந்த தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றார். அவரை இடித்துக்கொள்ளாமல் எல்லோரும் சுற்றிப் போனார்கள்.

எல்லோரும் போனபிறகு அவள் ஜன்னலடியில் உட்கார்ந்து, கறுப்பு நூல்கண்டைக் கழற்றி டிராயரில் போட்டு மூடினாள். பாபினில் கருநீல நூலைச் சுற்றினாள். பிரித்துவைத்த சட்டைகள் பக்கத்தில் அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தன. பொழுது இருந்தது. தைத்துவிட முடியும் என்று அவளுக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது, ஒரு ஜன்னலுக்காக இவ்வளவு நாடகம் ஆடவேண்டியிருந்ததே என்று.

துரை தட்டை மூலையில் வைத்துவிட்டு மெதுவாக வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. வெளியே மைதானத்தைப் பார்த்தார், அங்கே ஒரு மைதானம் இருப்பதே இப்போதுதான் தெரிந்தவர்போல. பிறகு, மனசார, கொஞ்சம் வருத்தத்தோடுகூடச் சொன்னார்:

"இதுக்கு எதுக்கு பாப்பா நாலு பேர் முன்னாடி? நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது. மூன்று தடவை கேட்டது அவருக்குள் போகவே இல்லை. அவள் என்றைக்கும் எதையும் கேட்டதில்லை என்றே அந்த மனுஷன் நம்பிக்கொண்டிருக்கிறார், பஸ்ஸிலிருந்து இன்றுவரைக்கும். அண்ணனாவது ஒன்றாவது. சொல்லிப் புரியவைக்கலாம் என்ற எண்ணம் அந்த நிமிஷத்தோடு அவளை விட்டுப் போயிற்று.

ஊசிக் காதில் நூலைக் கோக்கக் குனிந்தாள். துணிமேல் அவருடைய நிழல் விழுந்திருந்தது.

"நகரு அண்ணா. வெளிச்சத்த மறைக்கிறே."

துரை நகர்ந்தார். நீலம் நீலமாகத் தெரிந்தது.